மிகச் சிறிய கசிவு

செப்ரெம்பர் கடைசி. பெம்பினா வீதிச் சிவப்பில் நிற்கையில்
எரிந்தது.
மஞ்சள் நிறம். பூவாளியை யாரோ உதைத்து நெளித்த மாதிரி ஒரு படம்.
அதைத்தான் எஞ்சின் என்கிறார்கள்.

இரண்டரை இலட்சம் ஓடிய கொரோலா.
நடுக்கமில்லை, இருமலில்லை,
பெற்றோல் குடிப்பதும் வழக்கம்போல.
கேதீஸ் வந்து எட்டிப் பார்த்தார்,
கறுப்பு ரேப்பில் ஒரு துண்டு கிழித்து ஒட்டினார்.
"இப்ப சரியே?"
பகிடிக்குத்தான்.
ஆனால் ரேப் ஒரு கிழமை இருந்தது.

எட்டாம் நாள், இரவுவேலை முடிந்து,
தரிப்பிடத்தில் வைத்து நகத்தால் உரித்தேன்.
ஒருவரும் பார்க்காத அத்தனை இரவும்
உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இருபத்தெட்டு டொலருக்கு ஒரு கருவி.
ஸ்ரியரிங்குக்குக் கீழே தடவித் தடவிச் செருகினால்
பி, சைபர், நாலு, அஞ்சு, ஆறு.
பெற்றோல் ஆவி கசிகிறதாம். மிகச் சிறிய கசிவு.
மிகச் சிறிய என்றால் எவ்வளவு?
அரை மில்லிமீற்றர்.
குண்டூசி குத்தினாலும் அதைவிடப் பெரிசாய் விழும்.
துளியில்லை, ஒழுக்கில்லை, மணம்கூட இல்லை.
அதற்கும் ஒரு விளக்கு வைத்திருக்கிறான் எவனோ.

எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய ஓட்டைகள் உண்டு.
ஒன்றுக்கும் விளக்கில்லை.

முதலில் மூடி. கேட்ட எல்லாரும் மூடி என்றார்கள்.
இருபத்துநாலு டொலர். மூன்று கிளிக் கேட்கும்வரை திருகி
குறியை அழித்தேன்.
ஐந்து நாள் இருட்டு. ஆறாம் நாள்
பால் வாங்கிக்கொண்டு திரும்ப, பூவாளி.

பிறகு வால்வு. அறுபத்தொரு டொலர்,
கேதீஸின் கையில் இரண்டு கிழிசல்.
"காசு பிடுங்குற வருத்தம்" என்றார்,
காரைச் சொன்னாரோ தெரியாது.
எட்டு நாள். பூவாளி.

ஊகிப்பது மலிவென்று நினைத்திருந்தேன்.

சார்ஜன்ற் அவெனியூவில் ரொடெலின் கராஜ்.
அவன் ஒன்றையும் மாற்றவில்லை.
குழாயைச் செருகி உள்ளே புகையை விட்டான்.
கராஜ் விளக்குகளை அணைத்தான்.
கைவிளக்கோடு குனிந்து
பேசாமல் நின்றான். நானும் நின்றேன்.
நாலு நிமிசம், ஐந்து நிமிசம்.
பின்சில்லுக்கு மேலே, பிளாஸ்ரிக் கவசத்துக்குப் பின்னால்
அணையப்போகும் ஊதுபத்தியின் நூல்போல ஒன்று
எழும்பிற்று.

"உப்பு" என்றான்.
பதின்மூன்று மாரியின் தெருவுப்பு
பெற்றோல் இறங்கும் கழுத்தை
வெளியே தெரியாமல் தின்றிருக்கிறது.
நான் மூடியையே முறுக்கிக்கொண்டிருந்தேன்.
கழுத்து அதற்கு ஒரு சாண் கீழே.

புதுக் கழுத்து, கூலியோடு முந்நூற்றுப் பத்து.
காசை எண்ணிக் கொடுக்கையில் கேட்டேன்:
சரியாகிவிட்டதா?
ரொடெல் வெளியே பார்த்தான். முதல் பனி.
"ஏப்ரலுக்குப் பிறகுதான் தெரியும்.
இந்தக் குளிரில் கார் அந்தச் சோதனையைச் செய்யாது."

அப்படியென்றால் இந்த மாரி முழுக்க
விளக்கு எரியாமல் இருக்கப்போவது
சுகத்தால் அல்ல,
ஒருவரும் கேட்காததால்.

தை மாதம் மைனஸ் முப்பத்தொன்று.
காருக்கும் வயர் செருகிவிட்டுத்தான் படுத்தோம்.
காலையில் தட்டு முழுக்க இருட்டு, நல்ல பிள்ளைபோல.
கேதீஸ் நம்பினார். நான் நம்பவில்லை.
அதிலே ஒரு சண்டை.

ஏப்ரல் பத்தொன்பது. ஒன்பது பாகை. அரைத் தாங்கி.
இரவெல்லாம் ஆறிக் கிடந்த எஞ்சின்.
போக ஓரிடமும் இல்லாமல்
சுற்றுவீதியில் நாற்பது கிலோமீற்றர் ஓடினேன்.
ஓரமாய் நிறுத்திக் கருவியைப் பார்த்தால்
கடைசிச் சோதனைக்கு எதிரே: முடிந்தது.
குறி ஒன்றுமில்லை.

கேதீசுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை.
ரேப் ஒட்டியிருந்த இடத்தில்
பசை இன்னும் கிடக்கிறது,
நகத்தளவு சதுரம்,
மாரித் தூசு முழுக்க அதில்.